அந்தமானுக்கு மாற்றல் வந்திருக்கிறது, இரண்டு பேராகப் போய்க் குடியிருக்கலாமா?

கேள்வி | 14 மே 2024

கணவருக்கு மத்திய அரசு வேலை. போர்ட் பிளேயருக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது. குழந்தை இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். நான் சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாம் "மூணு வருஷம் ஹனிமூன், கசக்குமா?" என்கிறார்கள். கடல், பச்சை, கூட்டமில்லாத ஊர் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள், என்னென்ன எடுத்து வர வேண்டும்?

14 மே 2024, இரவு

2022-லிருந்து இங்கே இருக்கிறோம். எங்கள் வீட்டில் மாற்றல் வந்தது மனைவிக்கு. நான் கூடவே வந்தவன். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். ஆகவே உங்கள் கணவருக்கு எப்படி இருக்கும் என்று என் மனைவியைக் கேட்க வேண்டும். உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன்.

சாமான் பட்டியல் அப்புறம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இந்தத் தீவு மியான்மர் பக்கம் கிடக்கிறது, கடிகாரம் மட்டும் டெல்லி கடிகாரம். ஜூன் மாதம் காலை ஐந்து மணிக்குள் விடிந்துவிடும். நவம்பரில் ஐந்து அடிப்பதற்குள் சூரியன் போய்விடும், ஐந்தேகாலுக்கு விளக்குப் போட்டாக வேண்டும். சேலத்தில் அந்த நேரம் பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பீர்கள். இங்கே அந்த நேரமே ராத்திரி. வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிதாகத் தெரியாது. களைத்து வருவார், சாப்பிடுவார், தூங்குவார். வீட்டில் இருக்கிற ஆளுக்குத்தான் அந்த நான்கைந்து மணி நேரம் நீண்டுகொண்டே போகும்.

15 மே 2024

எனக்கு மேலே ஒருவர் "எல்லாம் அங்கேயே கிடைக்கும், ஒரு சூட்கேஸ் போதும்" என்று எழுதியிருக்கிறார். சுற்றுலா வந்து ஐந்து நாள் ஓட்டலில் தங்கியவராக இருக்கும். எல்லாம் கிடைக்கும், சரி. எல்லா நாளும் கிடைக்காது.

சென்னையிலிருந்து கடல் வழியாக ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, சிமெண்ட், மருந்து, கேஸ், பக்கெட், எல்லாம் கப்பலில்தான் வர வேண்டும். ஷஹீத் தீவில் (பழைய நீல் தீவு) காய்கறி நன்றாக விளைகிறது. உள்ளூர்க் கீரை, வெள்ளரி, பாகல், வாழைக்காய், தேங்காய்க்குக் குறைவில்லை. ஆனால் நம்முடைய சாம்பாரும் ரசமும் கப்பலை நம்பித்தான் கொதிக்கின்றன. அபர்டீன் பஜாரில் தக்காளி விலை கேட்டாலே கப்பல் வந்ததா, வராமல் நிற்கிறதா என்று சொல்லிவிடலாம். என் மனைவி ஆபீசிலிருந்து போன் செய்து "கப்பல் வந்துடுச்சாம், தக்காளி வாங்கிடுங்க" என்பாள். ஊரில் இருந்தவரை ஒரு கப்பலின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இப்போது நான்கவுரி எந்தத் தேதியில் கிளம்புகிறது, கேம்ப்பெல் பே எங்கே நிற்கிறது என்பதெல்லாம் வீட்டுப் பேச்சு.

15 மே 2024, மறுபடியும்

சரி, பட்டியல். டேபிள்டாப் கிரைண்டர் கொண்டு வாருங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வாருங்கள். ரப்பர் செருப்பு. காற்றுப் புகாத டப்பாக்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு. பட்டுப்புடவை ஒன்றிரண்டு போதும். தோல் பை, தோல் பெல்ட், தோல் செருப்பு வேண்டவே வேண்டாம். மரச் சாமான் வேண்டாம். புத்தகம் கொண்டு வரலாம், ஆனால் பாசமான புத்தகங்களை அம்மா வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். காரணம் மழை தொடங்கியதும் தெரியும்.

2 ஜூன் 2024

மழை தொடங்கிவிட்டது. எனவே காரணம்.

நாட்டிலேயே பருவமழை முதலில் இறங்கும் இடம் இதுதான், மே மூன்றாவது வாரம். தென்மேற்கு முடிந்ததும் வடகிழக்கும் இங்கேயே கொட்டும். மே தொடங்கி டிசம்பர் வரை மழை. வருடத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர், சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மழையை ஜன்னலில் நின்று ரசிக்கலாம், நாங்கள் வந்த வருடம் முதல் வாரம் ரசித்தோம். இரண்டாவது வாரம் துணி காயவில்லை. மூன்றாவது வாரம் அலமாரியைத் திறந்தபோது என் கறுப்பு பேண்ட் முழுவதும் விபூதி பூசியதுபோல வெள்ளையாகப் பூசணம். மனைவியின் கல்யாண ஆல்பத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. என் மாமனார் முகம் இப்போது இரண்டு பக்கத்திலும் பாதிப் பாதியாக இருக்கிறது.

இங்கே பல வீடுகளில் செய்யும் வைத்தியம்: துணி அலமாரிக்குள் கீழ்த்தட்டில் பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்றை மாட்டி, எரியவிட்டு, கதவைச் சாத்திவைப்பது. துணி பல்பில் படாமல் கம்பிக்கூடு போட வேண்டும். அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. எல்இடி பல்பு பிரயோஜனமில்லை, அது சூடே ஆகாது. குண்டு பல்பு சேலத்தில் எங்காவது கிடைத்தால் நாலைந்து வாங்கி வையுங்கள், இங்கே தேட வேண்டியிருக்கிறது.

உப்பு தண்ணீர் விடும். அப்பளம் துணி மாதிரி மடங்கும். மாவு சேலத்தில் ராத்திரி முழுக்கப் பொங்குவது இங்கே நான்கைந்து மணி நேரத்தில் புளித்துவிடும். ஆகவே ராத்திரி அரைக்காமல் விடியற்காலை அரைக்கிறேன்.

பூரான். இதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஊரில் பார்க்கிற பூரான் இல்லை, ஒரு சாண் நீளம் இருக்கும், தடிமனாக, செம்பழுப்பில். மழைக்குப் பயந்து வீட்டுக்குள் வரும். ஈரத் துணிக் குவியல், மிதியடிக்கு அடி, ஷூ. மனைவியின் ஷூவுக்குள் இருந்தது ஒன்று. கால் விரலில் கடித்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வலி முழங்கால் வரை ஏறி ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. அன்றிலிருந்து ஷூவைத் தலைகீழாகத் தட்டாமல் யாரும் போடுவதில்லை. ஊருக்குப் போனாலும் தட்டுகிறோம். என் தங்கை சிரிக்கிறாள்.

3 ஜூன் 2024

பயந்துவிட்டீர்கள் போல. மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன், கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டது. பூரான் தினமும் வராது. கடல் நிஜமாகவே அந்த நிறம்தான், போட்டோவில் கலர் ஏற்றுவதில்லை.

9 ஜூன் 2024

"தமிழ் மட்டும் தெரிந்தால் போதுமா?" பஜாருக்குப் போதும். வங்காளிகளைப் போலவே தமிழர்களும் தெலுங்கர்களும் இங்கே பெரிய கூட்டம். கடைத்தெருவில் நடந்தால் மதுரைத் தமிழ், ராமநாதபுரத்துத் தமிழ் எல்லாம் காதில் விழும். இட்லி, புரோட்டா கிடைக்கும். வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் பொதுவான பாஷை இந்திதான். வந்தபோது எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. ஜங்லிகாட் மீன் மார்க்கெட்டில்தான் கற்றுக்கொண்டேன். மீன் விற்கிற அம்மாக்கள் பலருக்கு வீட்டில் தெலுங்கு. ஆகவே அவர்கள் இந்தியும் என் இந்தியும் ஒரே தரம், இலக்கணம் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சூரை மீன் வாங்குங்கள், ஊரைவிட மலிவு. காலையிலேயே போக வேண்டும். மழைக்காலத்தில் படகு போகாத நாளில் மார்க்கெட்டும் காலி.

அப்புறம் ஒன்று. இங்கே யாரையும் "நீங்க எந்த ஊர்?" என்று சட்டென்று கேட்காதீர்கள். தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள், மாயாபந்தர் பக்கம் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் என்று எல்லாரும் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு ஊர் இதுதான். நம்மைத்தான் அவர்கள் "மெயின்லேண்ட்காரர்" என்பார்கள்.

28 ஜூலை 2024

வந்து சேர்ந்துவிட்டீர்கள். கப்பலில் வந்தது தைரியம்தான், அதுவும் ஜூலையில். மூன்று நாளும் எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கப்பல் ஆட்டத்தில் அப்படித்தான். சாமானைக் கப்பலில் போட்டுவிட்டு மனுஷன் விமானத்தில் வருவது நல்லது, இரண்டேகால் மணி நேரம். சும்மா ஒரு தடவை அனுபவத்துக்குக் கப்பல் என்றால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, அப்போது கடல் அடங்கியிருக்கும்.

குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லையா? எங்களுக்கும் முதலில் கிடைக்கவில்லை. வாடகை வீடு பார்க்கும்போது ஹாலைப் பார்க்காதீர்கள், மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். எத்தனை லிட்டர், எத்தனை வீட்டுக்கு, யார் மோட்டார் போடுவது. ஏன் என்று மார்ச்சில் எழுதுகிறேன்.

18 ஆகஸ்ட் 2024

நெட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆன்லைன் டியூஷன் யோசனை நல்லது. சென்னையிலிருந்து கடலடியில் கேபிள் வந்தது 2020 ஆகஸ்டில். சுமார் 2300 கிலோமீட்டர், போர்ட் பிளேயர் தொடங்கி கிரேட் நிக்கோபார் வரை. அதற்கு முன்னால் எல்லாம் சேட்டிலைட்தான். ஒரு மெயிலில் போட்டோ இணைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தக் கேபிள் வந்திராவிட்டால் நானும் வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பேன். இப்போது வீடியோ கால் ஓடுகிறது. கரண்ட்தான் சில சமயம் போய்விடும். மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஓட்டித்தான் தயாரிக்கிறார்கள், அந்த டீசலும் கப்பலில்தான் வர வேண்டும். இன்வெர்ட்டர் வாங்கிவிடுங்கள்.

"சண்டை வருமா" என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். கிண்டல் பண்ண ஒன்றுமில்லை, வரும். முதல் மழைக்காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் நாள்கணக்கில் பேசவில்லை. காரணம் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டது. ஊரில் சண்டை வந்தால் நான் டீக்கடைக்குப் போவேன், அவள் தன் அக்கா வீட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போவாள், திரும்பி வரும்போது பாதி ஆறியிருக்கும். இங்கே கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக விமான டிக்கெட் எடுக்க வேண்டும், அன்றைக்கே எடுத்தால் விலை கோபத்தைவிட அதிகம். வெளியே மழை, ஏழு மணிக்கு ஊரே அடங்கிவிட்டது, உள்ளே அந்தத் துண்டு.

நிஜமான காரணம் துண்டு இல்லை என்பது உங்களுக்கும் புரிந்திருக்கும். அவள் ஆபீசில் பத்துப் பேரோடு பேசிவிட்டு வாய் ஓய்ந்து வருவாள். நான் காலையிலிருந்து எக்செல் ஷீட்டோடு மட்டும் பேசிவிட்டு அவள் எப்போது வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வந்ததும் ஆரம்பிப்பேன், கப்பல், தக்காளி, பக்கத்து வீட்டுப் பலாமரம், எல்லாவற்றையும். ஒருநாள் "என்னங்க, ஒரு பத்து நிமிஷம் சும்மா இருக்கீங்களா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத்தான் ரோஷம்.

19 செப்டம்பர் 2024

ஆமாம், பெயர் மாற்றிவிட்டார்கள். போர்ட் பிளேயர் இனி ஸ்ரீ விஜயபுரம். 2018-இல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது, ராஸ் தீவு நேதாஜி பெயரில் ஆனது. ஆட்டோக்காரர்கள் இன்னும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள். பின்கோடு மாறவில்லை, 744101. "இந்த பின்கோடுக்கு டெலிவரி இல்லை" என்று ஆன்லைன் கடைகள் சொல்வதும் மாறவில்லை. எது வரும், எது வராது என்பதற்கு ஒரு கணக்கும் பிடிபடவில்லை. மிக்ஸி ஜார் வரும், அதன் மூடி வராது.

30 அக்டோபர் 2024

நாளைக்குத் தீபாவளி. போன வாரம் ஒடிசாவுக்குப் போய்க் கரையேறிய டானா புயல் நம் பக்கத்துக் கடலில் உருவானதுதான். இரண்டு மூன்று நாள் காற்றும் மழையுமாக இருந்தது, தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகளும் நின்றன. ஸ்வராஜ் தீவில் வேலை பார்க்கும் நண்பர் அங்கேயே மாட்டிக்கொண்டார். தீவில் இருப்பவர்கள் இதை அலட்டிக்கொள்வதே இல்லை. "படகு இல்லையா, சரி, நாளைக்கு" என்பார்கள். எனக்கு அந்த "சரி" இன்னும் முழுசாக வரவில்லை.

நீங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருப்பதாக எழுதியதைப் படித்தேன். இதைத்தான் செய்ய வேண்டும். நானும் முதல் வருடம் முடியும்போது அபர்டீன் பஜாரில் ஒரு மளிகைக் கடைக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுத்தேன். காசுக்காக இல்லை, போய் உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்குமே என்றுதான். அந்த அண்ணாச்சி மூலமாக இன்னும் சில கடைகள். இப்போது மாலையில் எனக்கு உட்கார ஸ்டூல்கள் நிறைய.

17 நவம்பர் 2024

ஐந்து மணி இருட்டு வந்துவிட்டதா? இப்போது புரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இதற்குக் கிடைத்த மருந்து நத்தை. சிரிக்காதீர்கள். ஆப்பிரிக்க ராட்சத நத்தை, இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரர்கள் இங்கே இருந்தபோது வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். உள்ளங்கை அளவு ஓடு, பழுப்புக் கோடுகள். பகலில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் தண்டுக்கீரை போட்டோம். இரண்டு இலை விட்டது. காலையில் பார்த்தால் வரிசையாக வெறும் தண்டு, அதைச் சுற்றி மண்ணில் பளபளவென்று பிசின் தடம். மறுபடி விதைத்தோம், மறுபடி அதே. பக்கத்து வீட்டு அக்காதான் "ராத்திரி டார்ச் எடுத்துட்டு வாங்க தம்பி, காட்டுறேன்" என்றார். பப்பாளி மரத்தில், சுவரில், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில், எங்கே பார்த்தாலும்.

அன்றிலிருந்து சாப்பிட்டு முடித்ததும் வேட்டை. அவள் டார்ச் பிடிப்பாள், நான் பொறுக்கி உப்புக் கரைத்த வாளியில் போடுவேன். வெறும் கையால் தொடவே கூடாது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கக்கூடிய புழு அதில் இருக்கும். கையுறை போடுங்கள், கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்துச் சாப்பிடுங்கள், பச்சையாக வேண்டாம். இருட்டில் செருப்புக்கடியில் ஒன்று நொறுங்கும், அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஐயே" என்போம். பேச்சும் அப்போதுதான். வீட்டுக்குள் முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேச வராத ஆபீஸ் விஷயமெல்லாம், டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும்போது அவளுக்குத் தானாக வந்தது. கீரை பெரிதாக ஒன்றும் வளரவில்லை.

26 டிசம்பர் 2024

சுனாமி வந்து இன்றைக்கு இருபது வருடம். வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

நத்தை காட்டிய அக்கா பிறந்தது நிக்கோபாரில் கச்சால் தீவில். அவர் அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்து ஆட்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் சில குடும்பங்களைக் கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். சுனாமியில் அந்தத் தீவு அழிந்ததைப் பற்றி அக்கா அதிகம் பேச மாட்டார். இன்று காலை வாசலில் விளக்கு ஏற்றி வைத்திருந்தார். நாங்கள் போய்க் கொஞ்ச நேரம் நின்றோம். "கடல் வத்திப்போச்சு தம்பி, மீன் துள்ளுச்சு, பிள்ளைங்க பொறுக்க ஓடுச்சுங்க" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போர்ட் பிளேயர்ப் பக்கத்தில் தரையே சுமார் ஒரு மீட்டர் இறங்கிவிட்டது அன்றைக்கு. சிப்பிகாட் வழியாகப் போகும்போது சாலையோரம் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்து ஏரி என்று நினைத்திருப்பீர்கள். அது வயல். கடல் உள்ளே வந்தது, திரும்பிப் போகவே இல்லை.

இது நில நடுக்கத்தில் மிக ஆபத்தான மண்டலத்தில் இருக்கிற ஊர். லேசாக ஆடினால் யாரும் வெளியே கூட வர மாட்டார்கள். நீங்கள் வந்துவிடுங்கள். கடற்கரையில் இருக்கும்போது பலமாக ஆடினால் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போங்கள்.

22 ஜனவரி 2025

விருந்தாளி சீசன். வானம் வெளுத்து, கடல் தட்டாக இருக்கிறது, ஊரில் உள்ள ஒன்றுவிட்ட உறவு வரை எல்லாருக்கும் நம் ஞாபகம் வந்துவிடும். மாமா குடும்பம், மனைவியின் தோழி குடும்பம், அண்ணன் மச்சினர். செல்லுலார் ஜெயில் ஒலி ஒளிக் காட்சியில் வசனம் இப்போது எனக்கு மனப்பாடம். வருபவர்களைக் காலையில் படகு ஏற்றி ஸ்வராஜ் தீவுக்கு அனுப்பிவிடுவது நல்லது. ராதாநகர் கடற்கரையில் ஒரு நாள் போய்விடும். உங்களுக்கும் அந்த ஒரு நாள் வீடு உங்கள் கைக்குத் திரும்பக் கிடைக்கும்.

சிப்பி, பவளத் துண்டு எதையும் பையில் போட விடாதீர்கள், செத்த பவளமாக இருந்தாலும். சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். முதலை போர்டு இருக்கும் இடத்தில் தண்ணீரில் இறங்க வேண்டாம், அந்த போர்டு அலங்காரத்துக்கு இல்லை.

"ஜாரவாக்களைப் பார்க்க முடியுமா" என்று, இங்கே காட்டில் வாழும் பழங்குடி மக்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். மாமாவும் அதையேதான் கேட்டார். முடியாது, பார்க்கவும் கூடாது. ஜிர்காடாங்கிலிருந்து அந்தக் காட்டு வழியாகப் போகும் சாலையில் வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து நேரம் பார்த்து விடுவார்கள், நிறுத்தக் கூடாது, போட்டோ எடுத்தால் வழக்கு. அந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவு போட்டது, இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சுண்ணாம்புக் குகை பார்க்கத்தான் போகிறோம் என்பார்கள், ஆனால் கண்ணெல்லாம் ஜன்னலில் இருக்கும். மாமாவைக் கூட்டிப் போகவில்லை. அவருக்கு வருத்தம்தான்.

16 மார்ச் 2025

தொட்டி விஷயம். எட்டு மாதம் மழையில் ஊறிவிட்டுக் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஊருக்குத் தண்ணீர் தருவது தனிக்காரி அணை. மழை நின்று இரண்டு மாதம் ஆனால் அதன் மட்டம் இறங்க ஆரம்பிக்கும், குழாய்த் தண்ணீர் தள்ளித் தள்ளி வரும். சில வருடம் மூன்று நாளைக்கு ஒருமுறை. மலைச் சரிவில் கட்டின ஊர், பெய்கிற மழையெல்லாம் நேராகக் கடலுக்கு ஓடிவிடுகிறது. கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற வீடு தப்பித்தது. நீங்கள் தொட்டி பார்த்து வீடு எடுத்தீர்களா? எழுதவே இல்லையே.

17 மார்ச் 2025

ஆயிரம் லிட்டர், மூன்று வீட்டுக்கு. சரி. நீல டிரம் இரண்டு வாங்கிவிடுங்கள். பழைய டிரம்தான் மலிவு, ஆனால் முன்பு உள்ளே என்ன இருந்தது என்று மோந்து பார்த்து வாங்குங்கள்.

12 ஏப்ரல் 2025

நேற்று பங்குனி உத்திரம். காவடிக் கூட்டத்தில் உங்களையும் உங்கள் கணவரையும் அண்ணாச்சி கடைக்கு எதிரில் பார்த்தோம் என்று நினைக்கிறேன். கூட நாலு பிள்ளைகள் மோர்ப் பந்தலில் நின்றார்கள். கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது கூட்டம். தமிழர் திருவிழா என்று பெயர், வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும் பால்குடம் எடுத்து வந்தார்கள்.

11 மே 2025

எங்களுக்கு மூன்று வருடம் முடிகிறது. திரும்பப் போகவா, நீட்டிப்புக் கேட்கவா என்று இந்த மாதக் கடைசிக்குள் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். வந்தபோது இருந்த கணக்கு தலைகீழாகிவிட்டது. அவளுக்குப் போக வேண்டும். ஆபீஸ் எந்த ஊரிலும் ஆபீஸ்தான், அங்கே என்றால் அவள் அம்மாவும் பக்கத்தில் இருப்பார், வயதாகிறது. எனக்கு இருக்க வேண்டும். ஜிஎஸ்டி கடைகள், மீன் மார்க்கெட், அக்கா வீடு எல்லாம் இங்கே இருக்கிறது. கோயம்புத்தூர் கம்பெனிக்கு நான் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். "நீங்க வேணா இருங்க, நான் போறேன்" என்றாள் நேற்று, பாதி விளையாட்டாக.

இப்போதைக்கு ஒரு வருடம் மட்டும் நீட்டிப்புக் கேட்டுப் பார்ப்பது, அத்தைக்கு முடியாமல் போனால் உடனே கிளம்புவது என்று பேசி வைத்திருக்கிறோம். அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போகிறோம் என்று முடிவானால் இன்வெர்ட்டரும் ஒரு பழைய பைக்கும் விற்பனைக்கு வரும். இங்கே பதிவான பைக், ஏஎன் 01 நம்பர், ஊருக்கு ஏற்றினால் என்ஓசிக்கும் மறுபதிவுக்கும் அலைய வேண்டும். உங்கள் கணவர் ஆபீசில் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டு வையுங்கள்.